விசையின் தவறா, விரலின் தவறா?



கணினியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இப்போதெல்லாம் செயற்கை நுண்ணறிவில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் அவ்வளவு உயரத்துக்குப் போகப்போவதில்லை. மேசை மட்டத்திலேயே நிற்கப்போகிறேன். உங்கள் விரலுக்கும் கணினிக்கும் நடுவில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று கீபோர்டு, இன்னொன்று மவுஸ். அவை மக்கர் பண்ணும்போது என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சு.

முழுக்கச் செத்துப்போன கீபோர்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது நேர்மையானது. எதை அடித்தாலும் வராது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிவிடலாம். என் கவலையெல்லாம் அரைகுறையாக உயிரோடு இருக்கிறதே, அதைப் பற்றித்தான். காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது. பழுது பார்ப்பவர் முன்னால் ஒழுங்காக நடந்துகொள்ளும், அவர் வண்டியைக் கிளப்பிய பிறகு புத்தியைக் காட்டும். பத்துத் தடவை அடித்தால் ஒன்பது தடவை எழுத்து விழும். அந்தப் பத்தாவது தடவை எங்கே போய் விழுகிறது தெரியுமா? வங்கிக் கணக்கு எண்ணில். ஆதார் எண்ணில். விண்ணப்பத்தில் அப்பா பெயரில்!

அப்போது நாம் யாரைத் திட்டுகிறோம்? தட்டச்சு செய்கிற பெண்ணை. "கவனமா அடிக்கக் கூடாதாம்மா?" என்கிறோம். அவரும், நம் விரல்தான் தவறியது போலிருக்கிறது என்று நம்பிவிடுகிறார். கடவுச்சொல் பெட்டியில் இது இன்னும் மோசம். அங்கே எழுத்து தெரியாது, வெறும் புள்ளிதான் தெரியும். ஒரு விசை விழவில்லை என்பது கண்ணுக்கே படாது. மூன்று முறை தவறாகப் போனால் கணக்கு பூட்டிக்கொள்ளும். ஞாபகமறதி என்று நம்மையே நொந்துகொள்வோம். ஆகவே இன்று முதல் ஒன்று செய்யுங்கள். கடவுச்சொல் ஏற்கவில்லையா? நோட்பேடைத் திறந்து அதில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள், மறந்துவிடாதீர்கள்!

சரி, கீபோர்டு கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஓடுகிறோமே, உண்மையிலேயே கெட்டிருக்கிறதா? பல நேரம் கெட்டிருக்காது. ஏதோ ஒரு அமைப்பு மாறியிருக்கும். விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட் விசையை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' என்ற வசதியை இயக்கலாமா என்று கேட்கும். ஏதோ யோசனையில் விரலை அங்கேயே வைத்திருப்போம். கேள்வி வந்ததும் படிக்காமலே சரி என்று தட்டியிருப்போம். அதன் பிறகு லேசாகத் தட்டினால் எழுத்து விழாது, அழுத்திப் பிடித்தால்தான் விழும். கீபோர்டு போச்சு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அது நல்ல கீபோர்டு, ஐயா!

எக்செல்லில் அம்புக்குறி விசையை அழுத்தினால் கட்டம் நகராமல் தாளே நகர்கிறதா? ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. நடுவில் ஒரு எழுத்தைச் சேர்த்தால் அடுத்த எழுத்தைத் தின்றுகொண்டே போகிறதா? இன்செர்ட் விசை. பழைய சிறிய லேப்டாப்பில் யு, ஐ, ஓ அடித்தால் 4, 5, 6 என்று எண்களாக வருகிறதா? நம் லாக். மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது பக்கம் நகராமல் எழுத்து பெரிதும் சிறிதுமாக ஆகிறதா? மவுஸை விட்டுவிடுங்கள், கீபோர்டில் கன்ட்ரோல் விசை உள்ளேயே சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு கூத்து இருக்கிறது. ஒரே கணினியில் ஆங்கிலமும் தமிழும் வைத்திருக்கிறோம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொழி மாறிவிடும். தெரியாமல் விரல் பட்டாலும் மாறிவிடும். தமிழ்99 விசை அமைப்பு தெரியாதவர் அதில் மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? ஏ அடித்தால் 'அ' வருகிறது. ஹெச் அடித்தால் 'க' வருகிறது. ஹெச் விசையை இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுகிறது. "கீபோர்டுல பேய் புகுந்துருச்சு சார்" என்று சொன்னவரும் உண்டு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த அந்த அமைப்பின் அழகே அந்தத் தானியங்கிப் புள்ளிதான். அதேபோல அட் குறி இருக்க வேண்டிய இடத்தில் மேற்கோள் குறி வந்தால், ஷிஃப்ட்டோடு 3ஐ அடிக்கும்போது பவுண்டு குறி வந்தால், கணினி பிரிட்டிஷ் கீபோர்டு அமைப்பில் நிற்கிறது என்று பொருள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அமெரிக்க அமைப்பு. மொழிப் பட்டியலில் மாற்றினால் முடிந்தது.

இதெல்லாம் இல்லை, நிஜமாகவே பழுதுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எங்கே தேடுவது?

வீட்டில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்கிறோம்? வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டைப் பார்க்கிறோம். அங்கே விளக்கு எரிந்தால் நம் வீட்டு ஃபியூஸ். தெருவே இருட்டென்றால் லைன் கோளாறு. இந்தப் புத்தி நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது; கீபோர்டிடம் மட்டும் அதைக் காட்டுவதில்லை.

ஏனென்றால் கீபோர்டின் உள்ளே நூற்றுச் சொச்சம் விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. அகலவாக்கில் சில மின்தடங்கள், நீளவாக்கில் சில மின்தடங்கள். அவை குறுக்கிடும் இடம் ஒவ்வொன்றும் ஒரு விசை. உள்ளே இருக்கிற சிறிய சில்லு ஒவ்வொரு தடமாக, ஓயாமல், நொடிக்குப் பல நூறு முறை கேட்டுக்கொண்டே இருக்கிறது: இங்கே யாராவது அழுத்தினார்களா? இங்கே? இங்கே? இப்போது சொல்லுங்கள். ஒரே ஒரு விசை மட்டும் விழவில்லை என்றால் பழுது அந்த விசைக்கு அடியில் இருக்கிறது: தூசி, பிஸ்கட் துகள், முடி, நைந்துபோன ரப்பர் குமிழ். நான்கைந்து விசைகள் சேர்ந்தாற்போல் விழவில்லை என்றால், அவற்றின் அடியில் தூசி தேடிப் பயனில்லை. அவை எல்லாம் ஒரே தடத்தின் மேல் இருப்பவை. அந்தத் தடம் எங்கோ அறுந்திருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம், ஒரே தடத்தில் இருக்கும் விசைகள் கீபோர்டின் மேல்பரப்பில் ஒரே வரிசையில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக்கூட இருக்கலாம். ஆகவே விழாத விசைகள் எவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பழுது பார்ப்பவரிடம் கீபோர்டோடு அந்தத் தாளையும் கொடுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். எல்லா விசைகளும் விட்டுவிட்டு வேலை செய்கின்றனவா? கம்பியையும் சொருகும் இடத்தையும் பாருங்கள். கம்பி கீபோர்டிலிருந்து வெளியே வந்து வளைகிற இடமும், பிளக்கை ஒட்டிய இடமும்தான் முதலில் அறும்.

தடம் ஏன் அறுகிறது? நம் அலுவலகங்களில் இருக்கிற சாதாரண கீபோர்டைத் திறந்தால் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் பாயும் மையால் தடங்கள் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தாளில் வெறும் ஓட்டைகள். விசையை அழுத்தினால் மேல் தாள் ஓட்டை வழியாகக் கீழ்த் தாளைத் தொடும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். இந்த மென்மையான மைத்தடத்தில் ஒரு டம்ளர் டீ இறங்கினால் என்ன ஆகும்? தண்ணீர் காய்ந்துவிடும், சர்க்கரை காயாது. பிசுபிசுப்பு விசையைப் பிடித்துக்கொள்ளும், ஈரம் தடத்தை அரிக்கும். போதாதற்கு எறும்பு வேறு குடிவரும்.

டீ கொட்டிவிட்டதா? துடைக்கத் துணி தேடாதீர்கள். முதலில் கம்பியைப் பிடுங்குங்கள். லேப்டாப் என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். பிறகு கவிழ்த்து வையுங்கள். ஒவ்வொரு விசையாகத் தட்டி வேலை செய்கிறதா என்று சோதிக்கிறோமே, அந்தப் பழக்கம்தான் ஈரத்தை உள்ளே பம்பு அடிக்கிறது. தலைமுடி உலர்த்தும் கருவியை நெருக்கிப் பிடிக்காதீர்கள், அந்தத் தாள்கள் வெப்பத்தில் நெளிந்துவிடும். சாதாரண மேசைக் கீபோர்டாக இருந்தால், கைப்பழக்கம் உள்ளவர் திருகாணி கழற்றித் தாள்களை நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவைத்துப் பூட்டலாம். பிழைக்க வாய்ப்பு உண்டு. லேப்டாப்பில் இந்த வீரம் வேண்டவே வேண்டாம். அங்கே கீபோர்டுக்கு அடியில்தான் மதர்போர்டே இருக்கிறது. துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நல்லது. பெயின்ட் தின்னரை எடுத்துக்கொண்டு வராதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும்.

எழுத்து விழாதது ஒரு வகை. ஒன்று அடித்தால் இரண்டாக விழுவது இன்னொரு வகை. இது ஏன்? இரண்டு உலோக முனைகள் தொடும்போது ஒரேயடியாகத் தொட்டு நிற்பதில்லை. ஓரிரு மில்லி விநாடிகள் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். நம் கண்ணுக்கு ஒரு தொடல். சில்லின் கண்ணுக்குப் பல தொடல். ஆகவே சில்லு, சுமார் ஐந்து மில்லி விநாடி பொறுத்திருந்து, துள்ளல் அடங்கிய பிறகே "ஒன்று" என்று கணக்கு எழுதும். தேய்ந்துபோன விசையின் துள்ளல் அந்தப் பொறுமையையும் தாண்டிவிடும். பிறகென்ன, 5000 என்பது 50000 ஆகிவிடும்! மவுஸிலும் இதே கதைதான். ஒரு சொடுக்குப் போட்டால் இரண்டாக விழுந்து ஃபோல்டர் தானே திறக்கும். எதையாவது இழுத்துக்கொண்டு போகும்போது நடுவழியில் கைநழுவும். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு ஸ்விட்சின் தகடு சோர்ந்துவிட்டது. அந்த ஸ்விட்சை மட்டும் பற்றவைத்து மாற்றலாம். சென்னை ரிச்சி தெருவில் அந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விலை உயர்ந்த மவுஸ் என்றால் செய்யுங்கள். மலிவு மவுஸுக்குக் கூலி கட்டுபடி ஆகாது.

சற்று முன் ஃபில்டர் கீஸைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன் அல்லவா? அதே வசதி இங்கே சாட்சிக்கு வருகிறது. வேகமாக அடுத்தடுத்து விழும் அதே எழுத்தைப் புறக்கணிக்கும் அமைப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வந்த வசதி. இரட்டை எழுத்து விழும் கீபோர்டையும், புதிது வரும்வரை, அதைக்கொண்டு சமாளிக்கலாம்.

இப்போது ஒரு பெரிய இடத்துக் கதை. விரலின் தவறா, விசையின் தவறா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

2015இல் ஆப்பிள் நிறுவனம் 12 அங்குல மேக்புக்கை வெளியிட்டது. மிகமிக மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக்க, விசைக்கு அடியில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரியும் புதிய அமைப்பை வைத்தார்கள். விசை இறங்கும் ஆழம் குறைந்தது. உள்ளே இருந்த இடைவெளியும் குறைந்தது. மறு ஆண்டு மேக்புக் புரோவுக்கும் அது வந்தது. பிறகு புகார் கிளம்பியது. ஒரு துகள் உள்ளே போனாலும் எழுத்து விழவில்லை, அல்லது இரண்டாக விழுந்தது. நிறுவனம் கொடுத்த ஆலோசனை என்ன தெரியுமா? கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அழுத்தக் காற்றை இடமிருந்து வலமாகப் பீய்ச்சுங்கள். பிறகு திருப்பிப் பிடித்து மறுபடியும் பீய்ச்சுங்கள். லட்சத்துக்கும் மேலே கொடுத்து வாங்கியவர், அதைக் கையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்க வேண்டும்!

சாப்பிட்டுக்கொண்டே தட்டினாயா, துடைத்தாயா என்றுதான் யாருக்கும் முதலில் கேட்கத் தோன்றும். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டேதான் தட்டுகிறார்கள். மனிதர்கள் வாழும் இடத்தில் தூசி இருக்கும். அதைத் தாங்காத விசையை வடிவமைத்தது யார்? 2018 ஜூனில், விற்ற நாளிலிருந்து நான்கு ஆண்டுகள்வரை இலவசமாகச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவித்தது. 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் பத்தியாளர் ஜோவானா ஸ்டெர்ன் ஒரு வேலை செய்தார். அவருடைய மேக்புக்கில் ஈ, ஆர் ஆகிய விசைகள் மக்கர். அந்த எழுத்துகள் விடுபட்டபடியே தன் பத்தியை வெளியிட்டார், தலைப்பு உட்பட. ஆயிரம் புகார்க் கடிதங்கள் செய்யாததை அந்த ஓட்டை விழுந்த தலைப்பு செய்தது என்பேன். அவ்வாண்டு நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் விசைக்கு அடியில் கத்தரிபோல் மடங்கும் பழைய அமைப்பே திரும்பி வந்தது. 2022இல், அமெரிக்காவில் தொடுத்த வழக்கைத் தீர்க்க 5 கோடி டாலர் தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது, தவறு எதையும் ஏற்காமலே.

உலகின் பெரிய நிறுவனம் ஒன்றின் விசையே நான்காண்டு தவறியிருக்கிறது. நம் அலுவலகத்துத் தட்டச்சரை உடனே சந்தேகிக்க நமக்கு என்ன உரிமை?

இன்னொருவருக்காகவும் இங்கே பேச வேண்டும். பார்வையற்றவர்கள் சிலர், பிரெயில் எழுத்தின் ஆறு புள்ளிகளுக்கு எஸ், டி, எஃப், ஜே, கே, எல் என்ற ஆறு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தித் தட்டச்சு செய்கிறார்கள். அருமையான முறை. ஆனால் மலிவான கீபோர்டுகள் பலவற்றில் ஆறும் ஒன்றாக விழாது. முன்பு சொன்னேனே, குறுக்கும் நெடுக்குமான தடங்கள்? மூன்று மூலைகளை ஒருசேர அழுத்தினால் நான்காவது மூலையிலும் யாரோ அழுத்தியதுபோல் சில்லுக்குத் தோன்றும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கச் சில விசைகளை அது ஏற்காமலே விட்டுவிடும். ஒரு புள்ளி விடுபட்டால் எழுத்தே மாறிவிடும். அவரிடம் போய் "இன்னும் பழகுங்கள்" என்று சொல்வது அநியாயம். வாங்கித் தருகிற பள்ளிகள், அந்த ஆறு விசைகளையும் கடையிலேயே ஒன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

மவுஸுக்கு வருவோம். 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ணத்தில் உருவாகி, பில் இங்கிலீஷ் கையால் செய்த முதல் மவுஸ், மரப்பெட்டியில் இரண்டு சக்கரம். 1968 டிசம்பர் 9இல் சான் பிரான்சிஸ்கோவில் அதை மேடையேற்றினார்கள். பிறகு உருண்டை வைத்த மவுஸ் வந்தது. இங்கே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே உருளையில் சுற்றியிருக்கும் அழுக்கு வளையத்தை நகத்தால் சுரண்டுவோம். அதில் ஒரு திருப்தியும் இருந்தது! 1999இல் மைக்ரோசாஃப்ட் ஒளியால் இயங்கும் மவுஸைப் பரவலாக விற்கத் தொடங்கியது. அதன் வயிற்றில் ஒரு சிறு கேமரா. மேசையை நொடிக்கு 1,500 முறை படமெடுத்து, முன்படத்தையும் பின்படத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிட்டது.

கேமரா என்றால் படமெடுக்க ஏதாவது வேண்டுமே? நம் அலுவலக மேசையில் என்ன விரித்திருக்கிறோம்? கண்ணாடி! கண்ணாடிக்கு அடியில் காலண்டர், விசிட்டிங் கார்டு, சாமி படம். வழவழப்பான கண்ணாடியில் பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூட அந்தக் கேமராவுக்குக் கிடைப்பதில்லை. அம்புக்குறி குதிக்கிறது, நடுங்குகிறது, நின்ற இடத்தில் நிற்கிறது. நாம் மவுஸைத் தரையில் தட்டுகிறோம். ஒரு வெள்ளைத் தாளை அடியில் போட்டுப் பாருங்கள், பெட்டிப்பாம்பாகிவிடும். தாளில் சரியாகி மேசையில் சரியாகவில்லை என்றால் மவுஸ் நல்ல மவுஸ். தாளிலும் குதித்தால் கவிழ்த்து, அந்தத் துளையில் முடியோ நூலோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

கம்பியில்லாத மவுஸில் இன்னொரு மர்மம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், வெளியே இருந்து ஒரு ஹார்டு டிஸ்கைச் சொருகியதும் தடுமாறும். எடுத்ததும் சரியாகும். இதற்கு விடை இன்டெல் நிறுவனமே 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையில் இருக்கிறது. மவுஸின் ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் யுஎஸ்பி 3.0 இணைப்பு அதே அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகிறது. பக்கத்துப் பக்கத்து போர்ட்டில் இரண்டையும் சொருகினால், மவுஸ் சொல்வது ரிசீவர் காதில் விழாது. ரிசீவரைத் தள்ளி வேறு போர்ட்டில் போடுங்கள். அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கம்பியில் மேசை மேலே கொண்டுவாருங்கள். சிபியுவின் முதுகில், இரும்பு மேசைக்கு அடியில் ரிசீவரைச் சொருகிவிட்டு மவுஸைப் பழிக்காதீர்கள். என் சிபாரிசு இதுதான்: கம்பி உள்ளதைப் பின்னால் சொருகுங்கள், அந்த போர்ட் மதர்போர்டிலேயே உறுதியாக இருக்கிறது. கம்பி இல்லாததை முன்னால் சொருகுங்கள்.

பேட்டரியைப் பற்றி இரண்டு வார்த்தை. மாதக்கணக்கில் பயன்படுத்தாத மவுஸில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள். கசிந்து வெள்ளைப் பொருக்கு படியும். அது காரம், ஆகவே வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சிறிது நேரம் சும்மா விட்டால் மவுஸ் தூங்கிப்போய், எழுந்திருக்க அடம்பிடிக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் மின்சேமிப்புக்காக அதை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் மறந்துபோனாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டைப் பார்க்கிற புத்தியை மட்டும் விடாதீர்கள். சந்தேகப்படும் கீபோர்டை வேறு கணினியில் சொருகுங்கள். தொல்லை கூடவே வந்தால் பழுது கீபோர்டில், வராவிட்டால் கணினியில். எங்கே எடுத்துப்போக முடியாதோ, அங்கே கணினி தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸ் திரைக்குப் போங்கள். விண்டோஸ் எழுந்திருக்காத அந்த இடத்தில் விசைகள் ஒழுங்காக வேலை செய்தால், பணம் செலவழிக்கத் தேவையில்லை, மென்பொருளில் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கீபோர்டையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, டிரைவரையும் மாற்றினால் வேலை நடக்கும், எதனால் நடந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மறுபடியும் அதே மூன்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நிறைவாக, இங்கே வந்திருக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும், இ-சேவை மையம் நடத்துபவர்களிடமும், அலுவலகப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். கம்பியுள்ள நல்ல கீபோர்டு ஒன்று, மவுஸ் ஒன்று, புதிதாக வாங்கி அலமாரியில் பூட்டி வையுங்கள். 'சோதனைக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டுங்கள். யார் கேட்டாலும் கடன் கொடுக்காதீர்கள். அடுத்த முறை ஒரு தட்டச்சர் வந்து எழுத்து விழவில்லை என்று சொன்னால், அவரை ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் அந்தக் கீபோர்டை எடுத்துச் சொருகிப் பாருங்கள்.